வோல்ட் இருக்கிறது, உயிர் இல்லை: பேட்டரியில்லா சென்சார்களுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

வெளிச்சத்திலோ வெப்பத்திலோ அதிர்விலோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் சென்சார் ஒன்று படுத்துவிட்டால், எல்லோரும் முதலில் கை வைப்பது பேனலில்தான். இன்னும் பெரிய பேனல் போடு, இன்னும் வெளிச்சமான இடத்தில் மாட்டு. சில சமயம் அது பலிக்கும். ஆனால் பெரும்பாலும் வரவில் குறை இருக்காது. யாரும் பார்க்காத ஓர் ஓட்டை வழியாகச் செலவு போய்க்கொண்டிருக்கும், இல்லையென்றால் இடையில் இருக்கும் சேமிப்பு கெப்பாசிட்டர் பெயருக்கு நிறைந்து, கேட்கும் நேரத்தில் தர முடியாமல் திணறும். மல்டிமீட்டரில் 3.8 வோல்ட் தெரிகிறது என்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எத்தனை ஜூல் வந்தது, எத்தனை போனது என்பதுதான் கேள்வி.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு அளவு எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கீழே போனால் குருடன் யானையைத் தடவிய கதைதான்.

வரவு. பேனலைச் சுற்றிலிருந்து கழற்றி, அது மாட்டப்போகும் அதே இடத்தில், அதே கோணத்தில் வையுங்கள். திறந்த முனைகளில் வோல்ட் பார்ப்பதால் பயன் கிடையாது, மங்கலான அறையிலும் அது அழகாகத்தான் காட்டும். 100 கிலோ ஓம், 47, 22, 10 என்று ஒவ்வொரு ரெசிஸ்டராகப் பேனலின் குறுக்கே போட்டு வோல்ட்டை எழுதுங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 22 கிலோ ஓமில் 1.6 வோல்ட் வந்தால் சுமார் 116 மைக்ரோவாட். இந்த நான்கில் எது பெரியதோ அதுதான் கிட்டத்தட்ட உங்கள் பேனலின் உண்மையான சம்பாத்தியம். விவரத்தாளில் போட்டிருக்கும் எண் ஒரு சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலில் எடுத்தது, உங்கள் அறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

செலவு. மல்டிமீட்டரை மைக்ரோஆம்பியர் நிலையில் தொடராக இணைத்தால், சென்சார் தூங்கும்போது சரியாகக் காட்டும். ரேடியோ விழித்து பத்து, இருபது மில்லிஆம்பியர் இழுத்ததும் மீட்டருக்குள் இருக்கும் ஷண்ட் ரெசிஸ்டரிலேயே வோல்ட் விழுந்து சாதனம் ரீசெட் ஆகும். அளக்கப்போய் நாமே நோயை உண்டாக்கியதுதான் மிச்சம். எளிய மாற்று வழி: 1000 மைக்ரோஃபேரட் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை 3.6 வோல்ட்டுக்கு ஏற்றி, சாதனத்தை அதிலேயே தூங்கவிட்டு, 0.1 வோல்ட் இறங்க எத்தனை நொடி என்று பாருங்கள். 50 நொடி ஆனால் 2 மைக்ரோஆம்பியர். சாதனம் இல்லாமலும் ஒருமுறை செய்து, கெப்பாசிட்டரின் சொந்தக் கசிவைக் கழித்துவிடுங்கள். மீட்டர் முனையைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டாம், தொட்டு எடுங்கள், ஏனென்றால் 10 மெகா ஓம் மீட்டரே 0.36 மைக்ரோஆம்பியர் குடிக்கும். ஆஸிலோஸ்கோப் முனையை 1 மடங்கில் வைத்தால் இன்னும் மோசம், அது 1 மெகா ஓம்.

சரி, இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

## வெளிச்சத்தில் வைத்தாயிற்று, உயிரே வரவில்லை

முதல் சந்தேகம் குளிர் தொடக்கத்தின் மேல். அறுவடை சிப்கள் (பேனல் தரும் சொற்ப மின்சாரத்தை இழுத்துச் சேமிப்புக் கெப்பாசிட்டரில் ஏற்றுபவை) ஓடத் தொடங்கிய பிறகு மிகக் குறைந்த வோல்ட்டிலும் இழுக்கும், ஆனால் சுத்தமாகக் காலியாக இருக்கும்போது எழுந்து நிற்க வேறு அளவு வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் பிகியூ25570ஐ எடுத்துக்கொண்டால், ஓடும்போது 100 மில்லிவோல்ட் போதும். செத்த நிலையிலிருந்து எழ சுமார் 600 மில்லிவோல்ட் வேண்டும். முதல் எண்ணைப் பார்த்து ஒற்றை செல் பேனலை வாங்கிவிட்டு இரண்டாம் எண்ணில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

வோல்ட் போதும் என்றாலும் நேரம் போதாமல் இருக்கலாம். குளிர் தொடக்கச் சுற்றின் செயல்திறன் மிகவும் சொற்பம். ஒரு கணக்கு போடுவோம்: காலியான 1 ஃபேரட் சூப்பர் கெப்பாசிட்டர் நேரடியாக இணைந்திருக்கிறது, அது 1.8 வோல்ட் வரை ஏறினால்தான் முக்கியச் சுற்று எழும். அதற்கு 1.62 ஜூல் வேண்டும். பேனல் 125 மைக்ரோவாட் தருகிறது, அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறுகிறது என்று வைத்துக்கொண்டால் 36 மணி நேரம். விளக்கு தினமும் 10 மணி நேரம்தான் எரியும் என்றால் நாலு நாள். நீங்கள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு சிப் போய்விட்டது என்று சாலிடரைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள்! மாட்டுவதற்கு முன்பே பெஞ்ச் பவர் சப்ளையில், தொடராக ஒரு ரெசிஸ்டர் போட்டு, கெப்பாசிட்டரை நிரப்பிவிடுவதுதான் தீர்வு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் அப்படி நிரப்பியும் மெல்ல மெல்ல வற்றிப்போனால் பேனலின் வகையைப் பாருங்கள். வெயிலுக்காகச் செய்த படிக சிலிக்கான் பேனலை அறைக்குள் வைத்தால் அது எதிர்பார்த்ததைவிடவும் மோசமாக நடந்துகொள்ளும். வெளிச்சம் நூறில் ஒன்றாகக் குறைந்தால் மின்னோட்டமும் நூறில் ஒன்றாகும், அது நியாயம். ஆனால் பேனலுக்குள்ளேயே இருக்கும் கசிவுப் பாதை அந்தச் சின்ன மின்னோட்டத்தைத் தின்றுவிட, வோல்ட்டும் சேர்ந்து சரியும். மேலும் எல்இடி விளக்கில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை, படிக சிலிக்கான் விரும்பிச் சாப்பிடுவதோ அதைத்தான். கால்குலேட்டரில் இருக்கும் பழுப்பு நிற அமார்ஃபஸ் சிலிக்கான்தான் அறைக்கு ஏற்றது. அதில்கூட 200 லக்ஸ் வெளிச்சத்தில் ஒரு சதுர செ.மீ.க்கு 4, 5 மைக்ரோவாட்தான் எதிர்பார்க்கலாம்.

இன்னொரு சங்கதி, இதைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும். பேனல் நல்லது, வோல்ட் நல்லது, ஆனால் சிப் பேனலை விட்டு விலகி ஏதோ ஒரு தவறான புள்ளியில் நிற்கிறது. மேலே சொன்ன சிப் 16 நொடிக்கு ஒருமுறை இழுப்பதை 256 மில்லிநொடி நிறுத்தி, பேனலின் திறந்த வோல்ட் எவ்வளவு என்று பார்த்து, அதில் 80 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும். "உள்ளீட்டில் பெரிய கெப்பாசிட்டர் போட்டால் நல்லதுதானே" என்று 4.7 மைக்ரோஃபேரட் இருக்க வேண்டிய இடத்தில் 100 போட்டுவிட்டீர்களா? திறந்த வோல்ட் 4 என்றால், 3.2இலிருந்து 4 வரை ஏற 80 மைக்ரோகூலும் வேண்டும். 20 மைக்ரோஆம்பியரில் அதற்கு 4 நொடி. சிப் காத்திருப்பதோ கால் நொடி. அது பாதி ஏறிய வோல்ட்டைப் பார்த்து "இவ்வளவுதான்" என்று முடிவு கட்டும், அடுத்த முறை அதிலிருந்து இன்னும் கீழே போகும். வெயிலில் இந்தப் பிழை தெரியாது, மங்கலில்தான் தெரியும். கெப்பாசிட்டரை மாற்றினால் சரியாகிவிடும்.

## எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது

எல்இடி ஒரு தடவை மினுங்கும், சற்று நேரம் கழித்து மறுபடி மினுங்கும், செய்தி மட்டும் ஒன்றுகூட வந்து சேராது. ஸ்கோப்பில் சேமிப்பு வோல்ட்டைப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கும்: மெல்ல ஏறும், சட்டென்று விழும், மெல்ல ஏறும்.

சாதனத்தை எழுப்பும் வோல்ட்டும் அணைக்கும் வோல்ட்டும் மிக நெருக்கமாக இருப்பதுதான் இதற்குக் காரணம். 1 மில்லிஃபேரட் கெப்பாசிட்டர், 3.0 வோல்ட்டில் எழுப்பி 2.9இல் அணைக்கிறீர்கள் என்றால் அந்த இடைவெளியில் இருப்பது 0.3 மில்லிஜூல் மட்டுமே. கிரிஸ்டல் ஓடத் தொடங்கி, சென்சார் சூடாகி, முதல் செய்தி போக 5 மில்லிஜூல் வேண்டும் என்றால் எப்படிப் போதும்? அதே கெப்பாசிட்டரை 4.2இல் எழுப்பி 2.4இல் அணைத்தால் 5.9 மில்லிஜூல் கிடைக்கும். பொருள் ஒன்றும் மாறவில்லை, இந்த வோல்ட்களை அமைக்கும் இரண்டு ரெசிஸ்டர் மாறின, அவ்வளவுதான். (கெப்பாசிட்டரும் சிப்பும் 4.2 தாங்குமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இடைவெளி போதுமான அளவு இருந்தும் ரம்பப் பல் வந்தால், சாதனத்துக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரைத் திறங்கள். எழுந்ததும் எல்லாப் பெரிஃபெரலையும் ஒன்றாக எழுப்பி, அரை நொடி சும்மா டிலே போட்டு, சீரியலில் "ஹலோ" அச்சிட்டு, அப்புறம் தூங்கப்போகும் கோடு பேட்டரி காலத்துப் பழக்கம். இங்கே எழுந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை வோல்ட் எவ்வளவு என்று பார்ப்பது, போதாது என்றால் உடனே திரும்பித் தூங்குவது. லோராவானில் (குறைந்த சக்தியில் தொலைதூரம் பேசும் ரேடியோ வலையமைப்பு) இது இன்னும் முக்கியம். எழுந்த ஒவ்வொரு முறையும் புதிதாக ஜாயின் (வலையமைப்பில் சேர அனுமதி) கேட்டால், மிக மெதுவான வேகநிலையான எஸ்எஃப்12இல் அந்தக் கோரிக்கை மட்டுமே ஒன்றரை நொடி ஒலிபரப்பு, அப்புறம் பதிலுக்காக 5ஆம் நொடியிலும் 6ஆம் நொடியிலும் விழித்துக் காத்திருக்க வேண்டும். அந்தச் செலவில் செத்து, எழுந்து, மறுபடி ஜாயின் கேட்டு, மறுபடி செத்து... இதிலிருந்து அது தானாக மீளவே மீளாது. செஷன் சாவிகளையும் எண்ணிக்கைகளையும் ஃப்ளாஷிலோ எஃப்ரேமிலோ எழுதிவையுங்கள், மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரட்டும்.

## தூங்கும்போது நலம், அனுப்பும் நொடியில் ரீசெட்

இது கெப்பாசிட்டரின் உள்மின்தடை. நாணய வடிவச் சூப்பர் கெப்பாசிட்டர்கள் பலவற்றில் இது பத்துக்கணக்கான ஓம். 50 ஓம் என்று வைத்துக்கொண்டு 40 மில்லிஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். மீட்டரில் 3.8, ரேடியோவுக்குக் கிடைப்பது 1.8. மீட்டர் மெதுவானது, அந்தப் பள்ளத்தைக் காட்டவே காட்டாது, ஸ்கோப்பில்தான் தெரியும்.

பக்கத்தில் ஒரு 100 மைக்ரோஃபேரட் போட்டால் போதாதா? பிஎல்இ (குறைந்த சக்தி புளூடூத்) என்றால் போதலாம்: 10 மில்லிஆம்பியர், 3 மில்லிநொடி, 0.3 வோல்ட் இறங்கும், பரவாயில்லை. லோராவுக்கு 40 மில்லிஆம்பியர், 60 மில்லிநொடி. 0.5 வோல்ட்டுக்குமேல் இறங்கக் கூடாது என்றால் 4.8 மில்லிஃபேரட் வேண்டும். 100ஐப் போட்டுவிட்டு "கெப்பாசிட்டர் போட்டேன், சரியாகவில்லை" என்பவர்கள் இந்த இரண்டு வரிக் கணக்கைப் போட்டிருந்தால் ஒரு வாரம் மிஞ்சியிருக்கும். வைஃபை சிப்பாக இருந்தால் உச்சத்தில் சில நூறு மில்லிஆம்பியர் கேட்கும். உட்புற வெளிச்சத்தில் அதை ஓட்ட நினைப்பதே விரலுக்கு மீறிய வீக்கம் என்பது என் கருத்து.

பீங்கான் கெப்பாசிட்டரையும் நம்பிவிடாதீர்கள். சின்ன உருவத்தில் 100 மைக்ரோஃபேரட் என்று எழுதியிருப்பது பூஜ்ய வோல்ட்டில் அளந்தது. 3, 4 வோல்ட் ஏறியதும் பாதிக்குமேல் காணாமல் போகலாம். தயாரிப்பாளரின் டிசி பயாஸ் வரைபடத்தைப் பாருங்கள். கடுங்குளிரில் மட்டும் இந்த அறிகுறி வருகிறதென்றால் சந்தேகமே வேண்டாம், சூப்பர் கெப்பாசிட்டரின் உள்மின்தடை குளிரில் ஏறும், வயதானாலும் ஏறும்.

## மேசையில் ஓடியது, இடத்தில் மாட்டியதும் நின்றுவிட்டது

டிபக்கர் (ஃபர்ம்வேரை ஏற்றிச் சோதிக்கும் கருவி) கேபிள் செருகியிருந்ததா? அப்படியானால் மேசையில் ஓடியதே பொய். சப்ளை கம்பியைத் துண்டித்திருந்தாலும், டிபக்கரின் சிக்னல் முனைகளிலிருந்தும் சீரியல் டிஎக்ஸ் கம்பியிலிருந்தும் மின்னோட்டம் சிப்பின் பாதுகாப்பு டையோடுகள் வழியாக உள்ளே புகுந்து ஊட்டிக்கொண்டிருக்கும். எல்லாக் கம்பியையும் பிடுங்கிவிட்டு, பேனலைக் கையால் மூடிப் பாருங்கள். மூடிய பிறகும் சேமிப்பு கெப்பாசிட்டரின் கணக்குக்கு மீறி ஜம்மென்று ஓடினால், எங்கிருந்தோ திருட்டு மின்சாரம் வருகிறது. (இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: டிபக்கர் ஒட்டியிருக்கும்போது சில சிப்கள் ஆழ்ந்த தூக்கத்துக்கே போகாது, மைக்ரோஆம்பியருக்குப் பதில் மில்லிஆம்பியர் காட்டும். அந்த எண்ணை வைத்துப் பயந்துவிடாதீர்கள்.)

அடுத்தது வெளிச்சம். மேசை விளக்கின் கீழ் 1000 லக்ஸ் இருக்கும், சுவரில் தலைக்கு மேலே 150 இருக்கும். கண் இரண்டையும் "நல்ல வெளிச்சம்" என்றுதான் சொல்லும், கண் இந்த விஷயத்தில் மகா பொய்யன். லக்ஸ் மீட்டர் வாங்குங்கள்.

மூன்றாவது, ரேடியோ. இதை வெளிச்சக் குறைவு என்று தவறாகப் புரிந்துகொள்வது சகஜம். கேட்வே (செய்திகளை வாங்கும் நிலையம்) பக்கத்தில் இருந்தபோது வேகமான எஸ்எஃப்7இல் 60 மில்லிநொடியில் முடிந்த செய்தி, இரண்டு சுவர் தாண்டியதும் எஸ்எஃப்12க்குப் போய் 1.4 நொடி எடுக்கும். 40 மில்லிஆம்பியர், 3.3 வோல்ட் என்று வைத்தால் முதலாவது 8 மில்லிஜூல், இரண்டாவது 185. கால் மணிக்கு ஒரு செய்தி என்றால் சராசரியாக 9 மைக்ரோவாட்டும் 205 மைக்ரோவாட்டும். அதே சாதனம், அதே பேனல். இதற்குப் பேனலைப் பெரிதாக்காதீர்கள், ஆன்டெனாவைச் சரியாக வையுங்கள். உலோகப் பெட்டிக்குள்ளோ பேனலின் பின்பக்கத் தகட்டோடு ஒட்டியோ ஆன்டெனா கிடந்தால் எந்த பேனலும் காப்பாற்றாது.

## திங்கட்கிழமை காலையில் மட்டும் செத்துக் கிடக்கிறது

எனக்குப் பிடித்த அறிகுறி இது, ஏனென்றால் காலண்டரே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வார நாட்களில் மட்டும் விளக்கு எரியும் அலுவலகம். வெள்ளி மாலை 6 முதல் திங்கள் காலை 8 வரை 62 மணி நேரம் இருட்டு. தூக்கத்துக்கு 6, செய்திக்கு 9 என்று மொத்தம் 15 மைக்ரோவாட் செலவானால் 3.35 ஜூல் வேண்டும். கையில் இருப்பதோ 0.47 ஃபேரட், 4.5இலிருந்து 2.5 வோல்ட் வரை இறங்கினால் 3.29 ஜூல். மயிரிழையில் தோற்கிறது, அதனால்தான் சில வாரம் தப்பிக்கிறது, சில வாரம் சாகிறது. கெப்பாசிட்டரின் சொந்தக் கசிவு 1 மைக்ரோஆம்பியர் என்றாலே இன்னொரு 0.8 ஜூல் போய்விடும்.

1 ஃபேரட் போட்டால் 7 ஜூல், தாராளம். ஆனால் அதற்கு முன் ஃபர்ம்வேரில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்: வோல்ட் 3.3க்குக் கீழே போனால் கால் மணிக்குப் பதில் மணிக்கு ஒன்று. ஆளில்லாத கட்டடத்தில் சனிக்கிழமை நள்ளிரவு வெப்பநிலை கால் மணிக்கு ஒருமுறை யாருக்கு வேண்டும்?

இரவில் மட்டும் கணக்குக்கு மீறி வற்றினால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, பேனலுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் நேரடியாகப் போட்ட ஷாட்கி டையோடு. அதன் பின்னோக்கிய கசிவு, வெப்பம் ஏற ஏறப் பெருகும், பகலில் சம்பாதித்ததை இரவில் பேனல் வழியாகவே கொட்டிவிடும். மற்றொன்று, வோல்ட்டை அளக்க வைத்த டிவைடர் (தொடராகப் போட்ட இரண்டு ரெசிஸ்டர்). 100 கிலோ ஓம் இரண்டு, 4 வோல்ட்: 20 மைக்ரோஆம்பியர், அதாவது 80 மைக்ரோவாட், இரவும் பகலும். மொத்தச் சாதனமும் செலவழிப்பது 15, அதைக் கண்காணிக்கிறவன் தின்பது 80! டிவைடரை 10 மெகா ஓமுக்கு ஏற்றி ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) முனையில் 100 நானோஃபேரட் போடுங்கள், அல்லது அளக்கும்போது மட்டும் மாஸ்ஃபெட் சுவிட்ச்சால் இணையுங்கள்.

## மழை நாளில் மட்டும் கிறுக்குத்தனம்

அறுவடை சிப்களில் எழுப்பும் வோல்ட், அணைக்கும் வோல்ட், உச்ச வோல்ட் எல்லாவற்றையும் மெகா ஓம் ரெசிஸ்டர்களால்தான் அமைப்பார்கள். போர்டில் சாலிடர் ஃப்ளக்ஸ் எச்சம் படிந்து, காற்றில் ஈரம் ஏறினால், அந்த எச்சமே 10 மெகா ஓமுக்கு இணையாக ஒரு பாதை போட்டுவிடும். விளைவு: 2.4இல் அணைய வேண்டியது 2.7இல் அணையும், வெயில் வந்து காய்ந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, நன்றாக உலர்த்தி, மறுபடி அளங்கள். "நோ கிளீன்" ஃப்ளக்ஸ்தானே என்று விட்டுவிட வேண்டாம், மெகா ஓம் ஊரில் அந்தச் சட்டம் செல்லாது. விரல் ரேகையும் அப்படித்தான், கழுவியபின் அந்த மூலையைத் தொடாதீர்கள்.

## மாதக்கணக்கில் ஓடிவிட்டு மெல்ல மெல்ல அடங்குகிறது

பேனலைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள், முதலில் துடையுங்கள்.

அதன் பிறகு கேட்வே பதிவைப் பாருங்கள். ஏடிஆர் (வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி) போட்ட லோராவான் சாதனம் 64 செய்தி அனுப்பியும் பதில் ஏதும் வராவிட்டால் "கேட்கிறதா?" என்று கேட்கத் தொடங்கும், இன்னும் 32 செய்திக்கும் பதில் இல்லையென்றால் ஒலிபரப்பு சக்தியை ஏற்றும், வேகத்தைக் குறைக்கும், படிப்படியாக எஸ்எஃப்12 வரை போய்விடும். யாரோ கேட்வேயை நகர்த்தினார்கள், அல்லது அதிலிருந்து இறங்குமுகச் செய்தி மட்டும் போகவில்லை. உங்கள் சென்சார் கத்திக் கத்தியே செத்திருக்கும். இதற்கு ஃபர்ம்வேரில் ஓர் உச்சவரம்பு வையுங்கள்: எஸ்எஃப்9க்கு மேல் போகவே கூடாது, கேட்காவிட்டால் பேசாமல் இருக்கட்டும்.

இரண்டு சூப்பர் கெப்பாசிட்டரைத் தொடராகப் போட்டிருந்தால் ஒவ்வொன்றின் மேலும் எவ்வளவு வோல்ட் என்று தனித்தனியாகப் பாருங்கள். சமன்படுத்தும் ஏற்பாடு இல்லாவிட்டால் ஒன்று 2.0லும் மற்றொன்று 3.0லும் நிற்கும், 2.7 தாங்கும் செல் மெல்லச் செத்துவரும். லித்தியம் அயான் செல்லில் சேமிப்பவர்கள், 0 டிகிரிக்குக் கீழே அது சார்ஜ் ஆகிக்கொண்டிருந்ததா என்று யோசியுங்கள். குளிரில் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கொள்ளளவு போய்விடும், அது திரும்பி வராது.

## வெப்பத்தில் ஓடுவது: குழாய் கொதிக்கிறது, மின்சாரம் இல்லை

குழாய் 60 டிகிரி, அறை 25, வித்தியாசம் 35, அமோகம் என்று தோன்றும். ஆனால் கணக்கில் வருவது, வெப்பத்தை மின்சாரமாக்கும் மாட்யூலின் இரண்டு முகங்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசம் மட்டும். மாட்யூலின் வெப்பத்தடை வாட்டுக்கு 1.75 டிகிரி, மேலே வைத்த சின்ன ஹீட் சிங்கின் தடை 10 டிகிரி என்றால், 35இல் மாட்யூலுக்குக் கிடைப்பது 5 தான், மீதி ஹீட் சிங்குக்கும் காற்றுக்கும் நடுவில் வீணாகிறது. 40 மி.மீ. சதுரத்தில் 127 ஜோடி உள்ள மாட்யூல் டிகிரிக்குச் சுமார் 50 மில்லிவோல்ட் தரும், ஆக திறந்த நிலையில் 260 மில்லிவோல்ட். 600 கேட்கும் சிப் இதில் எழவே எழாது. 1:100 டிரான்ஸ்ஃபார்மரோடு 20 மில்லிவோல்ட்டிலேயே எழும் எல்டிசி3108 போன்றதுதான் இங்கே வேண்டும், வெப்பம் திசை மாறும் இடமென்றால் இரு துருவத்தையும் ஏற்கும் எல்டிசி3109.

மாட்யூலின் உள்மின்தடையே ஓரிரு ஓம்தான் என்பதால், மெல்லிய கம்பியும் தளர்ந்த கனெக்டரும் சேர்ந்து அரை ஓம் ஆனால்கூட கணிசமாகத் தின்றுவிடும். எம்பிபிடி விகிதம் (திறந்த வோல்ட்டில் எத்தனை சதவீதத்தில் சிப் பிடித்துக்கொள்ளும் என்பது) சோலாருக்கான 80 சதவீதத்தில் இருந்தால் 50க்கு மாற்றுங்கள். இறுக்கும் போல்ட்டையும் பாருங்கள்: பித்தளை போல்ட்டு நாலு போட்டு இறுக்கினால் வெப்பம் மாட்யூலைச் சுற்றிக்கொண்டு போல்ட் வழியாகவே மேலே போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெப்பம் கடத்தாத வாஷரும் போடுங்கள்.

மாட்டிய முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாக ஓடி அப்புறம் அடங்கினால், ஹீட் சிங்க் சூடேறி முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் கழித்து எடுத்த அளவுதான் அளவு.

## அதிர்வில் ஓடுவது: மோட்டார் ஓடுகிறது, வோல்ட் இல்லை

அதிர்வு அறுவடைக் கருவி ஒரே ஒரு அதிர்வெண்ணில்தான் நன்றாக ஆடும், ஓரிரு ஹெர்ட்ஸ் விலகினால் போச்சு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மோட்டார் 100 ஹெர்ட்ஸில் அதிரும் என்று கணக்கிட்டு 100க்குச் சுருதி சேர்த்த கருவியை வாங்கியிருப்பீர்கள். அந்த மோட்டாருக்கு வேகம் மாற்றும் டிரைவ் ஒன்றைப் போட்டு 38 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதிர்வு 76க்குப் போய்விடும். முடுக்கமானியை வைத்து ஒரு நாள் முழுக்கப் பதிவெடுங்கள், வாங்குவதற்கு முன்.

இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டியிருந்தால் பிடுங்கிவிட்டு போல்ட் போடுங்கள், டேப் அதிர்வை விழுங்கிவிடும். பீஸோ தகடு (அதிர்வை மின்சாரமாக்குவது) விரிசல் விட்டதா என்று கண்ணால் தெரியாது, மல்டிமீட்டரில் அதன் கெப்பாசிட்டன்ஸை அளங்கள், மாட்டிய அன்று குறித்துவைத்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் விரிசல்தான். பீஸோவுக்கான அறுவடை சிப்பான எல்டிசி3588ஐ 3.3 வோல்ட் வெளியீட்டில் வைத்தவர்கள் கவனிக்க: உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் ஏறக்குறைய 5 வோல்ட்டைத் தாண்டும்வரை அது வெளியே ஒன்றும் தராது. 4 வோல்ட்டில் நின்றுகொண்டிருந்தால் சிப் பழுதில்லை, அதிர்வு போதவில்லை.

## எல்லாம் ஓடுகிறது, ஆனால் ரீடிங் குதிக்கிறது

வெப்பநிலை 24, 24, 31, 24 என்று வருகிறதா? குதிக்கும் ரீடிங்குகளின் நேரத்தையும் அப்போதைய சேமிப்பு வோல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வோல்ட் தாழ்ந்த நேரத்தோடு பொருந்தினால், ஏடிசி சப்ளையையே அளவுகோலாக வைத்திருக்கிறது, சப்ளை சரியும்போது அளவுகோலும் சுருங்குகிறது. உள் ரெஃபரன்ஸுக்கு மாற்றுங்கள், ரேடியோ பேசிய உடனே அளக்காமல், அளந்துவிட்டுப் பேசவிடுங்கள்.

வோல்ட்டோடு பொருந்தாமல் நல்ல வெளிச்சத்தில்தான் அதிகம் குதிக்கிறது என்றால், அறுவடை சிப்பில் வோல்ட்டை ஏற்றும் பூஸ்ட் கன்வெர்ட்டரின் ஸ்விட்ச்சிங் இரைச்சல் உள்ளே வருகிறது. அளக்கும் அந்தச் சில மில்லிநொடி மட்டும் எனேபிள் முனையால் அறுவடையை நிறுத்திவையுங்கள், ஆனால் முதலில் விவரத்தாளைப் பாருங்கள், சில சிப்களில் அந்த முனை வெளியீட்டையும் சேர்த்தே அணைத்துவிடும். நிறுத்தியபின்னும் குதித்தால் கிரவுண்டு தடத்தைப் பாருங்கள், பெரும்பாலும் இண்டக்டருக்குக் கீழேயே சென்சாரின் கம்பி ஓடிக்கொண்டிருக்கும்.